ராக் நட்சத்திரங்களின் உள்ளூரப் பயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் இசையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இதில் வரும் விஷயங்கள் அந்தக் கலைஞர்கள் தாங்களே வெளியில் சொன்னவை, அல்லது கூட இருந்து வேலை செய்தவர்கள் சொன்னவை. வம்பு பேசுவதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவன் என்பதால், பாடியவர்களைச் சரியாகப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பணம், பெயர், லட்சக்கணக்கில் ரசிகர்கள். இதற்கு மேல் இவர்களுக்கு என்ன குறை?

இந்தக் கேள்வி சிலரிடமிருந்து கோபமாக வரும், சிலரிடமிருந்து ஆச்சரியமாக வரும். கேட்பது நியாயம்தான். "நாலு பேர் பாராட்டினால் என் பயம் போய்விடும்" என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பலர் காலம் தள்ளுகிறோம். நாற்பதாயிரம் பேர் பாராட்டியும் போகவில்லை என்று ஒருவர் சொன்னால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நான் புரிந்துகொண்டவரை, கைத்தட்டல் போய்ச் சேரும் இடம் வேறு, பயம் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. கூட்டம் ஆரவாரம் செய்வது மேடையில் நிற்கும் உருவத்தைப் பார்த்து. அந்த உருவத்தை எங்கெங்கே ஒட்டித் தைத்தோம் என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும். "இவர்கள் கொண்டாடுவது என்னை இல்லை, நான் காட்டுகிற ஆளை" என்ற எண்ணம் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால், பாராட்டு கூடக் கூட உறுத்தலும் கூடுகிறது. பெரும்பாலும் அந்தப் பயம் புகழுக்கு ரொம்ப முன்பே வந்தது. புகழ் வந்து அதை ஆற்றுவதில்லை, அதற்கு நிறைய இடம் கொடுத்துவிடுகிறது.

இது வெறும் மேடைப் பயம்தானே? எல்லாப் பாடகர்களுக்கும் இருப்பதுதானே?

மேடைப் பயம் இதில் ஒரு பகுதி, அதுவே பலருக்குச் சின்ன விஷயமாக இருந்ததில்லை. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் 1964 டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தில் பதற்றம் தாங்காமல் உடைந்து அழுதார். அப்போது அவருக்கு 22 வயது. குழுவின் பாட்டுகள் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்த நேரம். அதற்கப்புறம் சுற்றுப்பயணமே வேண்டாம் என்று ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார். எக்ஸ்டிசி குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜ் 1982-இல் பாரிஸ் மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனார். அந்த வருஷத்துக்குப் பிறகு அந்தக் குழு சுற்றுப்பயணம் போகவே இல்லை. மேடையில் அத்தனை அட்டகாசம் செய்த ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன்கூட, நிகழ்ச்சிக்கு முன் தனக்கு வரும் நடுக்கத்தைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் மேடைப் பயம் பாட்டு ஆரம்பித்ததும் பலருக்குக் குறைந்துவிடும். விளக்கு அணைந்து அறைக்குத் திரும்பிய பிறகும் விடாமல் தொடர்வது வேறொன்று: "நான் போதாது" என்ற எண்ணம். இந்தப் பக்கம் முக்கியமாக அதைப் பற்றியது.

தோற்றத்தைப் பற்றிக்கூடவா கவலைப்பட்டார்கள்?

நிறைய. குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரிக்கு மேல் தாடையில் கூடுதல் பற்கள் இருந்தன. அதனால் முன்பற்கள் எடுப்பாகத் தெரியும். பேட்டிகளில் சிரிக்கும்போது உதட்டை இழுத்து மூடுவதையோ கையை வாய்க்கு முன் கொண்டுவருவதையோ பார்க்கலாம். பல்லைச் சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்டார். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரியில் கூட்டத்தை ஒற்றைக் கையால் ஆட்டிவைத்தவர் இவர்தான். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டைச் சின்ன வயதில் மூக்கைச் சொல்லிக் கேலி செய்தார்கள். முகத்தைப் பார்க்கவிடாமல் உடம்பைப் பார்க்கவைக்கவே மேடையில் அப்படி ஆடி ஆடி வாசிக்க ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஜான் லெனனுக்குக் கிட்டப்பார்வை, ஆனால் பீட்டில்ஸ் ஆரம்ப நாட்களில் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையேற மாட்டார். எல்டன் ஜான் உடல் எடையைப் பற்றிய கவலையில், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் நோய் வரை போனவர்.

இதில் என்னை அதிகம் வருத்துவது பாடகி ஜானிஸ் ஜாப்ளின் கதைதான். டெக்சஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய் ஆலை நகரத்தில் வளர்ந்தவர். பள்ளியில் தோற்றத்துக்காகவும், கறுப்பினத்தவரின் இசையை நேசித்ததற்காகவும் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு ஆஸ்டினில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வளாகத்தின் "மிக அசிங்கமான ஆண்" யார் என்று நடந்த போட்டிக்கு யாரோ இவர் பெயரைக் கொடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு இப்படிச் செய்தால் அது எத்தனை வருஷத்துக்கு உள்ளே கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1970 ஆகஸ்டில், நாடே அறிந்த நட்சத்திரமாக, பள்ளித் தோழர்களின் பத்தாம் ஆண்டுச் சந்திப்புக்காக ஊருக்குத் திரும்பினார். வகுப்பிலிருந்தும் ஊரிலிருந்தும் மாநிலத்திலிருந்தும் என்னைச் சிரித்தே விரட்டினார்கள், அதனால் திரும்பிப் போகிறேன் என்று அதற்கு முன்பே தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். இறகுகளும் வண்ணக் கண்ணாடியுமாக நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். பேச்சு பள்ளி நாட்களின் பக்கம் திரும்பியது. பள்ளி நடன விழாவுக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அந்தப் படப்பதிவில் முகம் மாறுவது நன்றாகத் தெரிகிறது. உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்தும், அந்த ஒரு கேள்வியில் மறுபடியும் பள்ளி மாணவியாகிவிட்டார். அதே வருஷம் அக்டோபர் 4 அன்று போதைப்பொருளால் இறந்துபோனார். வயது 27.

குரலைப் பற்றி? பாடகருக்குத் தன் குரலே பிடிக்காமல் இருக்குமா?

லெனனுக்குப் பிடிக்காது. அவருடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்: இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு, அதை ஏதாவது செய்து மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்தால் குரல் தடித்துக் கேட்கும்; லெனனுக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பாடுவது அலுப்பாக இருந்ததால், 1966-இல் அபி ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் அதைக் கருவியே செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் பரவிய ஒரு ஒலிப்பதிவு உத்திக்குப் பின்னால், தன் குரலைத் தனியாகக் கேட்கப் பிடிக்காத ஒரு பாடகரும் இருக்கிறார்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அப்படித்தான். கிட்டாரில் யாருக்கும் அஞ்சாதவர், பாடுவதற்குக் கூசுவார். பாப் டிலனைக் கேட்ட பிறகுதான், அழகான குரல் இல்லாமலும் பாடலாம் என்ற தைரியம் அவருக்கு வந்தது. ஸ்டுடியோவில் மற்றவர்கள் பார்க்காதபடி தடுப்பு வைத்துக்கொண்டு பாடுவார்.

புதுப் பெயர், வேஷம் எல்லாம் இதை மறைக்கத்தானா?

எல்லாருக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு ஒற்றுமை இருக்கிறது. சான்சிபாரில் பிறந்து பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படித்த ஃபரூக் புல்சாரா ஃப்ரெடி மெர்குரி ஆனார். ரெஜினால்ட் டுவைட் எல்டன் ஜான் ஆனார். டேவிட் ஜோன்ஸ் டேவிட் போவி ஆனார், அது போதாமல் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்று இன்னொரு ஆளையும் உருவாக்கினார்.

கூச்சமுள்ள ஒருவருக்கு வேஷம் பெரிய உதவி. நானாக நின்று பாட முடியாது, அவனாக நின்றால் முடியும். போவியின் விஷயத்தில் ஒரு பயம் கூடுதலாக இருந்தது. அம்மா ஒன்று, அப்பா வேறான அண்ணன் டெரிக்கு மனச்சிதைவு நோய். தாய்வழிக் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் மனநோய் இருந்தது. தனக்கும் வந்துவிடுமோ என்ற எண்ணம் அவரை இளமை முழுவதும் விடவில்லை. 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் மேடையில் ஸிக்கிக்கு விடைகொடுத்தார். ஸிக்கி எங்கே முடிகிறான், நான் எங்கே ஆரம்பிக்கிறேன் என்று தெரியாமல் போன காலம் அது என்று பிற்பாடு பேசியிருக்கிறார். வேஷம் காப்பாற்றும், சரி. அதைக் கழற்ற முடியும்வரைதான் காப்பாற்றும்.

"நான் ஒரு போலி" என்று பெரிய கலைஞர்களுக்குமா தோன்றும்?

தோன்றும். இந்த உணர்வை 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் விவரித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது சாதனை செய்த பெண்களை: தகுதி இருந்தும், தாங்கள் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் என்றாவது பிடிபடுவோம் என்றும் நினைப்பவர்களை. ராக் உலகில் இதை வெளிப்படையாகப் பேசியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். ஆலைத் தொழிலாளியின் குரலாக உலகமே கொண்டாடும் அவர், தான் ஒரு நாள்கூட ஆலைக்குள் வேலை செய்ததில்லை என்று நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நின்று சொன்னார். சொல்லிவிட்டதால் அது அவரை அரிக்கவில்லை.

கர்ட் கோபெய்னை அரித்தது. அவருடைய நிர்வாணா குழுவின் இரண்டாவது ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. சின்ன ஊரில் முரட்டுப் பையன்களிடம் அடிவாங்கி வளர்ந்தவர் அவர். இப்போது அதே மாதிரி ஆட்கள் முன்வரிசையில் நின்று அவர் பாட்டைக் கத்திப் பாடினார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த பாட்டுத் தொகுப்பின் குறிப்பில், இனவெறியும் பெண் வெறுப்பும் உள்ளவர்கள் எங்கள் பாட்டை வாங்க வேண்டாம், கச்சேரிக்கும் வர வேண்டாம் என்றே எழுதினார். யாருக்காகப் பாடினாரோ அவர்கள் கையிலிருந்து தன் பாட்டு போய்விட்டது என்ற வேதனை அதில் இருக்கிறது. கூடவே ஓயாத வயிற்று வலி, ஹெராயின் பழக்கம், மனச்சோர்வு.

1994 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் ஃப்ரெடி மெர்குரியின் பெயர் வருகிறது. ஃப்ரெடி கூட்டத்தின் அன்பில் திளைத்த மாதிரி தன்னால் முடியவில்லை, பொய்யாக நடிக்கவும் மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். ஃப்ரெடி மேடையில் சந்தோஷமாக இருந்தது உண்மைதான். ஆனால் மேடையிலிருந்து இறங்கியதும் கூச்சப்படும், பல்லை மறைக்கும், அந்நியர்களிடம் பேசத் தயங்கும் ஆளும் அவர்தான். கோபெய்ன்கூட இன்னொரு நட்சத்திரத்தை நம்மைப் போல வெளியிலிருந்துதான் பார்த்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை; ஃப்ரெடி 1991 நவம்பரில் எய்ட்ஸால் இறந்துவிட்டார்.

இதைப் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்களா?

சில சமயம் சத்தமாகவே சொல்கிறார்கள், நமக்குத்தான் கேட்பதில்லை. 1965-இல் பீட்டில்ஸ் பாடிய "ஹெல்ப்!" துள்ளலான பாட்டு. உடம்பு பருத்து, தன்மேலேயே வெறுப்பாக இருந்த நாட்களில் உண்மையாகவே உதவி கேட்டு எழுதியது என்று லெனன் பல வருஷம் கழித்துச் சொன்னார். தாளம் வேகமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிங்க் ஃப்ளாய்டு குழுவின் "தி வால்" (சுவர்) இன்னொரு வகை. 1977 ஜூலையில் மான்ட்ரியால் ஒலிம்பிக் மைதானத்தில், கூட்டத்தின் இரைச்சலில் வெறுத்துப்போய் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் ஒரு ரசிகர் மேல் துப்பிவிட்டார். செய்ததை நினைத்து அவருக்கே அருவருப்பு. எனக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து 1979-இல் அந்த ஆல்பம் பிறந்தது. கச்சேரியில் பாட்டு நடக்கும்போதே குழுவுக்கும் கூட்டத்துக்கும் இடையில் அட்டைச் செங்கற்களால் நிஜமாகவே சுவர் எழுப்பினார்கள்.

குழந்தைப் பருவம்தான் காரணமா?

பல கதைகளில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது தந்தை போரில் இறந்தார். லெனனைப் பெரியம்மா வளர்த்தார். அவருக்குப் பதினேழு வயதானபோது அம்மா கார் மோதி இறந்தார். கோபெய்னுக்கு ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்தனர். பிரையன் வில்சனைத் தந்தை அடித்து வளர்த்தார்.

இதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. லிவர்பூல் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 1,489 ராக், பாப் நட்சத்திரங்களின் வாழ்க்கையைப் பார்த்தார்கள். அதில் 137 பேர் இறந்திருந்தார்கள். போதை, மது, வன்முறை போன்றவற்றால் இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் குழந்தைப் பருவத்தில் ஏதோ ஒரு பெரிய துன்பம் இருந்தது; மற்ற காரணங்களால் இறந்தவர்களில் அது நாலில் ஒரு பங்குதான். இதனால் துன்பப்பட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும் அழிந்துபோவார்கள் என்று அர்த்தமில்லை. புகழ் மட்டும் அந்தக் காயத்துக்கு மருந்தாகவில்லை என்பது தெரிகிறது.

27 வயதில் ஏதாவது சாபம் உண்டா?

இல்லை. ஹெண்ட்ரிக்ஸ், ஜாப்ளின், ஜிம் மாரிசன், கோபெய்ன், ஏமி வைன்ஹவுஸ் எல்லாரும் அந்த வயதில் போனதால் வந்த கதை. பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் 1,046 கலைஞர்களை வைத்து 2011-இல் கணக்கிட்டார்கள். 27-இல் தனியாக எந்த ஏற்றமும் இல்லை. இருபதுகளும் முப்பதுகளும் முழுவதுமே அவர்களுக்கு ஆபத்தான காலம், சாதாரண மக்களைவிட இரண்டு மூன்று மடங்கு. சாபம் என்று சொன்னால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை.

இந்த வேதனை இல்லாவிட்டால் நல்ல பாட்டு வருமா? குணமாகிவிட்டால் கலை போய்விடாதா?

இந்த நம்பிக்கை எனக்குக் கோபத்தை வரவைக்கிறது, ஏனென்றால் இதை நம்பிய கலைஞர்களே உதவி கேட்கத் தயங்கியிருக்கிறார்கள். எல்டன் ஜான் 1990-இல் போதையை விட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பாடினார், படத்துக்கும் நாடகத்துக்கும் இசையமைத்தார். ஸ்பிரிங்ஸ்டீன் 1980களின் தொடக்கத்திலிருந்தே மனநல சிகிச்சையில் இருக்கிறார். அவருடைய பெரிய ஆல்பங்களில் பாதி அதற்கு அப்புறம்தான் வந்தன. 2016-இல் வந்த சுயசரிதையில் மனச்சோர்வு தன்னைப் படுக்கையில் தள்ளிய நாட்களை ஒளிக்காமல் எழுதினார்.

பிரையன் வில்சனைப் பாருங்கள். 1967-இல் மனம் உடைந்து பாதியில் கைவிட்ட "ஸ்மைல்" ஆல்பத்தின் வேலையை, சிகிச்சையும் நல்ல துணையும் கிடைத்த பிறகு 2004-இல் முடித்து மேடையில் வாசித்தார். 37 வருஷம் அந்தப் பாட்டுகளை முழுசாக்க விடாமல் தடுத்தது வேதனைதான். வேதனையிலிருந்து பாட்டு பிறக்கலாம். அதை உட்கார்ந்து முடிப்பதற்குத் தெம்பு வேண்டும்.

இப்போதாவது வெளிப்படையாகப் பேசுகிறார்களா?

முன்பைவிடப் பரவாயில்லை. மெட்டாலிகா குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைச் சொல்லலாம். உறுமும் குரல், முறைக்கும் பார்வை, ஹெவி மெட்டல் ஆணுக்கு இலக்கணம் மாதிரி இருந்தவர். 2022 மே மாதம் பிரேசிலின் பெலோ ஒரிசாஞ்சி நகரத்துக் கச்சேரியில் பாட்டை நிறுத்திவிட்டு, மேடைக்கு வரும் முன் தனக்கு மனசே சரியில்லை, வயதாகிவிட்டது, இனி வாசிக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததாகக் கூட்டத்திடம் சொன்னார். அதைக் குழுவினரிடம் சொன்னதும் அவர்கள் கட்டிப்பிடித்து, தடுமாறினால் நாங்கள் இருக்கிறோம் என்றார்களாம். சொல்லி முடித்ததும் மற்ற மூவரும் மேடையிலேயே வந்து அவரை அணைத்துக்கொண்டார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் குழு செய்த மிகத் துணிச்சலான காரியம் அது.

புகழ் வராத இசைக்கலைஞர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா?

அப்படித் தெரியவில்லை. 2016-இல் பிரிட்டனில் 2,211 இசைக்கலைஞர்களிடம் கேட்டதில் 71 சதவீதம் பேர் பதற்றம் அல்லது திடீர்ப் பீதி அனுபவித்ததாகவும், 68.5 சதவீதம் பேர் மனச்சோர்வு வந்ததாகவும் சொன்னார்கள். தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் இவர்கள், அதனால் எண்களை அப்படியே எல்லாருக்கும் பொருத்தக் கூடாது. நிலையில்லாத வருமானம், இரவு வேலை, ஓயாத ஒப்பீடு எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன.

வீட்டுப் பிள்ளை பேண்டில் வாசிக்கிறான். மேடைக்கு முன் ரொம்ப நடுங்குகிறான். என்ன செய்யலாம்?

முதலில், "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்று சொல்லாதீர்கள். பயத்தோடு வெட்கமும் சேர்ந்துவிடும். எதைப் பற்றிப் பயம் என்று கேளுங்கள். தப்பாக வாசித்துவிடுவோம் என்பதா, சிரிப்பார்கள் என்பதா, தான் இதற்குத் தகுதியில்லை என்பதா? மூன்றும் வேறு வேறு. முதலாவதற்குப் பயிற்சியும், நாலைந்து பேர் முன்னால் அடிக்கடி வாசித்துப் பழகுவதும் உதவும். மூன்றாவதற்கு எவ்வளவு பயிற்சி செய்தாலும் போதாது, பேச ஆள் வேண்டும். தூக்கம், சாப்பாடு, படிப்பு பாதிக்கப்படும் அளவுக்குப் போனால் உளவியலாளரிடம் கூட்டிப்போங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை மேடைப் பதற்றத்துக்கு நன்றாகவே பலன் தருகிறது. உயிரை விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

கை நடுக்கத்தைக் குறைக்கச் சில கலைஞர்கள் புரோப்ரனலால் மாத்திரை போடுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து, அதனால் மருத்துவர் எழுதித் தராமல் தொட வேண்டாம். நண்பர்கள் "ஒரு வாய் குடி, பயம் போய்விடும்" என்பார்கள். கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனுக்குப் பன்னிரண்டு வயதில் பதற்றம் தணிய அப்பாவே மது கொடுத்தார். அதிலிருந்து வெளியே வர அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.